தலைமாட்டில் நிற்பவள்

பகல் ஒன்றரை மணி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் கடைசியாக வெயிலைப் பார்ப்பது மூன்றாம் மாடிப் படிக்கட்டு ஜன்னலில்தான். அதற்கப்புறம் உடை மாற்றும் அறை, இரண்டு கதவுகள், பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. உள்ளே ஜன்னல்களையெல்லாம் அட்டை வைத்து டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியே போய்விடக் கூடாதாம். உள்ளே இருந்த பன்னிரண்டு பேரும் அந்தக் காற்றுக்குத்தான் திண்டாடிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

சின்னக்கா அன்றைக்கும் சரியாக ஒன்றரைக்கு வந்து நின்றாள். பதினோரு வருஷமாக அங்கே நர்ஸ். பெரியக்கா என்று இன்னொருத்தி இருந்ததால் இவள் சின்னக்கா. பெரியக்கா செத்து ஒன்பது நாள் ஆகியும் இவளுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. யாரும் இவளைப் பெரியக்கா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் இவள் திரும்பியிருக்க மாட்டாள்.

வெள்ளை உடை, அதே துணியில் தலையை மூடும் தொப்பி, இரட்டை முகமூடி, முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு. இவ்வளவையும் மாட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. அதனால் உள்ளே போகுமுன் ஒருவர் முதுகில் ஒருவர் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வார்கள். டாக்டர் முதுகில் ‘மீசை’. முகமூடி இறுக்கமாக உட்கார வேண்டுமென்று பதினெட்டு வருஷ மீசையை மழித்துவிட்டு அழாத குறையாக வந்து நின்றவர் அவர். மீசை போனாலும் பெயர் போகவில்லை. வார்டு உதவியாளர் முதுகில் ‘பயில்வான்’. ஆள் ஒல்லிக்குச்சி. நாலாவது ஆள், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத நர்ஸ். அவள் முதுகில் ‘புதுப்பொண்ணு’.

“பேனாவுல மை தீரப் போகுதுக்கா,” என்றாள் புதுப்பொண்ணு.

“என்னை எழுதற அளவுக்கு இருக்கா?”

“இருக்கு.”

“அப்போ போதும். சீக்கிரம் எழுது.”

இரண்டு மணிக்குத்தான் பெரிய வேலை. வென்டிலேட்டரில் கிடக்கும் நோயாளியைக் குப்புறப் போடுவது. குப்புறக் கிடந்தால் நுரையீரலின் பின்பக்கம் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். பகல் இரண்டுக்குக் குப்புறப் போட்டால் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் மல்லாக்கப் போடுவார்கள். கேட்பதற்குச் சுலபம். செய்வதற்கு ஐந்து பேர் வேண்டும். முதலில் கட்டிலைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி இழுத்துவிட வேண்டும். அந்த இடைவெளியில், தலைமாட்டில், ஒரு ஆள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர். தலைமாட்டில் நிற்பவர் நோயாளியின் தலையையும் வாய் வழியாகத் தொண்டைக்குள் போகும் டியூபையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கை சொல்வார். ஒண்ணு என்றால் ஓரத்துக்கு நகர்த்தணும். ரெண்டு என்றால் பக்கவாட்டில் திருப்பணும். மூணு என்றால் குப்புற. மற்ற நாலு பேரும் தலை நிமிராமல் தங்கள் கைக்குக் கீழே உள்ள குழாய்களைப் பார்த்துக்கொண்டு, குரலுக்கு மட்டும் கட்டுப்பட வேண்டும். அந்த டியூப் ஒரு விரற்கடை வெளியே வந்தாலும் மூச்சு போய்விடும்.

அந்த வார்டில் தலைமாடு என்பது பெரியக்காவுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த இடம். இருநூறு தடவைக்கு மேல் திருப்பியிருப்பாள், ஒரு டியூப் நழுவியதில்லை. மயக்க மருந்தில் மரக்கட்டையாகக் கிடப்பவர்களிடம்கூடக் குனிந்து, “தங்கம், திரும்பப் போறோம்,” என்று சொல்லிவிட்டுத்தான் எண்ண ஆரம்பிப்பாள். திருப்பி முடித்ததும் கன்னம் அழுந்திப் புண்ணாகாமல் இருக்க கட்டுப் போடும் காஸ் துணி ஒன்றை மூன்றாக மடித்து, ஒரு மூலையை உள்ளே செருகி, கன்னத்துக்கடியில் வைப்பாள். அந்த மூலையைச் செருகும் வித்தை வேறு யாருக்கும் வரவில்லை. “கூரையே இடிஞ்சு விழுந்தாலும் தலைமாட்ல நிக்கிறவ நிமிரக் கூடாதுடி,” என்பது அவள் அடிக்கடி சொல்வது. சின்னக்கா, “கூரை விழுந்தா நிமிர ஏது தலை?” என்று மடக்குவாள். இருவரும் முகமூடிக்குள் சிரித்து முகத்தடுப்பை மூடுபனியாக்கிக்கொள்வார்கள்.

பிறகு பெரியக்காவே நோயாளியாக ஏழாம் படுக்கைக்கு வந்தாள். அவளைத் திருப்பும்போது தலைமாட்டில் நின்றது சின்னக்கா.

ரெண்டு என்று சொன்ன அந்த நொடியில் ஐந்தாம் படுக்கையில் மானிட்டர் அலறியது. சின்னக்கா நிமிர்ந்து பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. கண் போன பக்கம் கையும் கொஞ்சம் போனது. டியூப் வெளியே வந்துவிட்டது.

மற்ற நாலு பேரும் குனிந்திருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. அறிக்கையில் சின்னக்கா, ‘கோழை அடைத்து டியூப் நழுவியது’ என்று எழுதினாள். “உங்க தப்பு இல்ல சிஸ்டர்,” என்றார் மீசை டாக்டர். அவள் தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து அவள் தலைமாட்டுப் பக்கமே போகவில்லை.

இதெல்லாம் நடந்து ஒன்பதாம் நாள், மூன்றாம் படுக்கைத் தையல்காரரைத் திருப்ப வேண்டியிருந்தது. வார்டில் நாலு பேர்தான். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஐந்தாவது ஆளை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். கட்டிலை இழுத்தார்கள். குழாய்களைச் சரிபார்த்தார்கள். சின்னக்கா இடது பக்கம் இடுப்பருகே குனிந்தபோது, ஓரக்கண்ணில் தலைமாட்டு இடைவெளியில் ஒரு வெள்ளை உடை வந்து நிற்பது தெரிந்தது. சரி, தியேட்டர் ஆள் வந்தாச்சு என்று நினைத்துக்கொண்டாள். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

“தங்கம், திரும்பப் போறோம்.”

சின்னக்கா குனிந்தபடியே குழாயை இறுக்கிப் பிடித்தாள். முகமூடிக்குள் எல்லோர் குரலும் ஒன்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“ஒண்ணு... ரெண்டு... மூணு.”

வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல அத்தனை சுலபமாகத் தையல்காரர் திரும்பினார். குழாய்களை நேராக்கிவிட்டு நிமிர்ந்தார்கள். தலைமாட்டில் யாரும் இல்லை. வெறும் சுவர். அங்கே மட்டும் டெட்டால் வாடை இல்லாமல், மழை நின்ற சிமென்ட் தரையின் வாடை அடித்தது.

அப்போது மேசையில் தொலைபேசி அடித்தது. பயில்வான் எடுத்துக் கேட்டுவிட்டு மெதுவாக வைத்தார்.

“தியேட்டர்லருந்து. இன்னிக்கு அனுப்ப ஆள் இல்லையாம். மன்னிச்சுக்கச் சொன்னாங்க.”

“அப்போ தலையை யார் பிடிச்சது?” என்றார் டாக்டர்.

நாலு பேரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

“பசி மயக்கமா இருக்கும்,” என்றார் டாக்டரே.

“நாலு பேருக்கும் ஒரே மாதிரியா சார்?” என்றார் பயில்வான்.

சின்னக்கா மட்டும் தையல்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்துக்கடியில் காஸ் துணி இருந்தது. மூன்று மடிப்பு. ஒரு மூலை உள்ளே செருகியிருந்தது.

அதற்கப்புறம் அடுத்த பத்து நாளில் மூன்று தடவை அது வந்தது. ஆள் குறையும் நாளில் மட்டும். பயப்பட்டு ஓடியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு அது சுலபம். பன்னிரண்டு படுக்கைக்கு நாலு பேர், கழிப்பறைக்குப் போகாமல் ஏழு மணி நேரம், போன வாரம் சாப்பிட்டது எது என்று கேட்டால் நினைவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் உதவிக்கு வரும் ஒரு ஜோடிக் கையை எங்கிருந்து வந்தாய் என்று யார் கேட்பார்கள்? மீசை டாக்டர் தியேட்டருக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டார். பயில்வான் கட்டிலை இழுக்கும்போது வழக்கத்தைவிட இரண்டு விரல் கூடுதலாக இழுத்துவிடுவார். திருப்பிய பிறகு ஐந்து பேர் கையெழுத்துப் போடும் தாளில் தலைமாட்டுக்கு நேரே உள்ள கட்டம் காலியாகவே கிடந்தது. யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சின்னக்காவால் அப்படி இருக்க முடியவில்லை. அவளுக்குத்தானே தெரியும், அது யார், ஏன் வருகிறது என்று.

அவள் ஒரு கணக்குப் போட்டாள். தையல்காரர் மறுநாள் காலையே போய்விட்டார். ஒன்பதாம் படுக்கைப் பெண்மணி இரண்டு நாள். ஒன்றாம் படுக்கைக்காரர் ஒன்றரை நாள். யார் தலையைத் தொட்டாலும் அவர்களை அது கூட்டிக்கொண்டு போகிறது. பதினோராம் படுக்கை பஸ் டிரைவர் மட்டும் பிழைத்து, டியூப் எடுத்து, கீழ் மாடிக்குப் போயிருந்தார். அவரை இவள் கணக்கில் சேர்க்கவில்லை. அது தொடாத படுக்கைகளிலும் அதே வேகத்தில்தான் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்க்கவில்லை. குற்றமுள்ள மனசு போடும் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

இருபதாம் நாள் காலையில் சின்னக்காவின் தம்பியைக் கொண்டுவந்தார்கள். ஷிஃப்டுக்குக் காத்திராமல் அவளும் அப்போதே உடை மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். முப்பது வயது. தினமும் அவளை பைக்கில் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, “உங்க லிஃப்ட் சத்தமே சரியில்லக்கா. போன வருஷம் நான் பண்ணிக் கொடுத்தப்ப எப்படி இருந்துச்சு!” என்று சலித்துக்கொள்வான். வீட்டுக்குள் நோயைக் கொண்டுபோனது தான்தான் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கு நாலு நாள் தொண்டை கரகரத்தது, சரியாகிவிட்டது. அவனுக்குச் சரியாகவில்லை.

காலியாக இருந்தது ஏழாம் படுக்கை ஒன்றுதான்.

டியூப் போடுவதற்கு முன்னால் அவன் அவள் முதுகைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொண்டான். வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கியது.

“அக்கா... நீ இருப்பல்ல?”

“இருப்பேன்டா. நான்தான் உன் தலைமாட்ல நிப்பேன். வேற யாரையும் கிட்ட விட மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா. வாயை மூடிட்டுப் படு.”

அவனிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

பகலில் அம்மா போன் செய்தாள். அம்மாவுக்கும் காய்ச்சல் வந்து வீட்டிலேயே தனியறையில் இருந்தாள். “அவன் எதாவது சாப்பிட்டானா?” என்று கேட்டாள். “நீ பக்கத்துல இருக்கற தைரியத்துலதான் நான் உக்காந்திருக்கேன்,” என்றாள். சின்னக்கா ‘ம்’ கொட்டிவிட்டு வைத்தாள்.

இரண்டு மணி ஆவதற்குள் தம்பியின் ஆக்சிஜன் அளவு எழுபத்தெட்டுக்கு வந்துவிட்டது. மீசை டாக்டர் மானிட்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இப்பவே திருப்பிடலாம் சிஸ்டர். நீங்க வேணா வெளிய இருங்க. சொந்தக்காரங்களை நாங்க—”

“நான் வெளிய போனா மூணு பேர்தான் சார்.”

டாக்டர் தலைமாட்டைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பயில்வான் கட்டிலை இழுத்தார். சக்கரம் கிறீச்சிட்டது. தம்பியின் தலைமாட்டில் தான்தான் நிற்பதாக அவள் சத்தியம் செய்திருந்தாள். ஆனால் அவள் அங்கே போகவில்லை. ஏழாம் படுக்கை. அதே சுவர். அதே இடைவெளி. தண்ணீர்போல வேர்த்துக் கையுறைக்குள் விரல் வழுக்கியது. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு இடது பக்கம் தோள் அருகே போய்க் குழாய்களைச் சரிபார்க்கிற சாக்கில் குனிந்தாள்.

குளிர் முதலில் வந்தது.

பிறகு அந்த நனைந்த சிமென்ட் வாடை.

இந்தத் தடவை அவள் நிமிர்ந்து நேராகப் பார்த்தாள்.

வெள்ளை உடை. பக்கவாட்டில் தெரிந்த முதுகில் பெயர் இல்லை. கொஞ்சம் குனிந்து, கையுறை போட்ட இரண்டு கைகளால் தம்பியின் முகத்தை இரு பக்கமும் ஏந்திக்கொண்டிருந்தது. முகத்தடுப்பு உள்பக்கமாக மூடுபனி கட்டி, தெளிந்து, மறுபடி கட்டியது. யாரோ உள்ளே நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். தெளியும்போது உள்ளே என்ன தெரிகிறது என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“தங்கம்...”

“வேணாம்,” என்றாள் சின்னக்கா.

மற்ற மூவரும் குனிந்தபடியே அசையாமல் நின்றார்கள்.

“வேணாம்க்கா. என் மேல கோவம்னா என்னைக் கூட்டிட்டுப் போ. நான் வரேன். இவனை விட்டுடு. இவன் என்ன பண்ணான்?”

மூடுபனி கட்டியது. தெளிந்தது. கைகள் விடவில்லை.

சின்னக்கா தன் இடத்தை விட்டுவிட்டுக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்த இடைவெளிக்குள் புகுந்தாள். தோளால் இடித்துத் தள்ளப் போனாள். இடிக்க ஒன்றும் இல்லை. பிணவறைக் கதவைத் திறந்தால் முகத்தில் அறையுமே, அந்தக் குளிர் மட்டும் அவளுக்குள் புகுந்து மறுபக்கம் போனது. தம்பியின் தலை அவள் கையில் இருந்தது. டியூப் அவள் விரலுக்குள் இருந்தது.

“சிஸ்டர்,” என்றார் டாக்டர் மெதுவாக. “இப்போ தோள் பக்கம் ஆள் இல்ல. நாலு பேர்தான் இருக்கோம்.”

“நாலு பேர் போதும்.”

“அக்கா, வேணாம்க்கா,” என்றாள் புதுப்பொண்ணு. அழுகிற குரல். “அவங்களையே பிடிக்க விடுங்க. அவங்க நல்லாப் பிடிப்பாங்க.”

“என் தம்பிடி அவன்! எனக்குத் தெரியும் அது எதுக்கு வருதுன்னு.”

மானிட்டரில் எழுபத்திரண்டு. அறுபத்தொன்பது. டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, “எண்ணுங்க,” என்றார்.

“ஒண்ணு.”

தம்பி ஓரத்துக்கு நகர்ந்தான். டியூப் அசையவில்லை. நம்மால் முடியும் என்று அவள் நினைத்தாள். இருபது நாளில் முதல் தடவையாக அப்படி நினைத்தாள்.

“ரெண்டு.”

இடது தோள் தூக்க ஆளில்லாமல் தொங்கியது. தொங்கிய தோள் தலையை இழுத்தது. இழுத்த தோள் திடீரென்று, தானாக, மெத்தென்று மேலே எழுந்தது.

அவள் நிமிர்ந்தாள்.

கூரை இடிந்து விழவில்லை. மானிட்டர் அலறவில்லை. அவள் காலி செய்துவிட்டு வந்த இடத்தில் அந்த வெள்ளை உடை குனிந்து நின்று, தம்பியின் தோளை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். முகத்தடுப்பு அப்போதுதான் தெளிந்தது. உள்ளே பெரியக்காவின் கண்கள் இருந்தன. தூக்கமில்லாமல் சிவந்த, ஷிஃப்ட் முடியும் நேரத்துக் கண்கள். அவை சின்னக்காவைப் பார்க்கவே இல்லை. டியூபைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தக் கண்கள் பார்த்த இடத்துக்குத் தானும் பார்வையைக் கொண்டுவந்தாள் சின்னக்கா. அதற்குள் கை நகர்ந்திருந்தது.

குளிர்ந்த ஒரு கை அவள் கைமேல் வந்து அழுத்தியது. ஒரு நொடி தாமதம்.

டியூப் அவள் விரல்களுக்கிடையில் முழுசாக வெளியே வந்து தொங்கியது.

அப்புறம் நடந்ததை வார்டில் எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். மல்லாக்கப் போட்டார்கள். டாக்டர் மறுபடி டியூப் போட முயன்றார். தொண்டை வீங்கிப்போயிருந்தது. மறுபடி முயன்றார். பயில்வான் நெஞ்சை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். மானிட்டரில் எண்கள் இறங்கி, இறங்க இடமில்லாமல் நின்றன. இரண்டு இருபத்தாறுக்கு டாக்டர் பயில்வானின் தோளைத் தொட்டு, “போதும்ண்ணே,” என்றார்.

சின்னக்கா டியூபை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இதையும் சொல்லிவிட வேண்டும், அதையும் சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தாள்.

“சார், நான் நிமிர்ந்து...”

“கோழை அடைச்சிருக்கும் சிஸ்டர்,” என்றார் மீசை டாக்டர். குரல் உடைந்திருந்தது. “நானே எழுதிடறேன். உங்க தப்பு இல்ல.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். யாராவது ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

உடலைப் பையில் வைத்து ஜிப் போடுவது நர்ஸ் வேலை. புதுப்பொண்ணு நான் செய்கிறேன் என்று கெஞ்சினாள். சின்னக்கா கேட்கவில்லை. கால்மாட்டிலிருந்து ஜிப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். முகம் வந்ததும் நிறுத்தினாள். தலை வலது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. மல்லாந்து செத்தவனுக்குக் கன்னத்தில் எதற்கு அணை? யாரும் வைக்கவில்லை. வைக்க யாருக்கும் நேரமும் இருக்கவில்லை.

ஆனால் இருந்தது. மூன்று மடிப்பு. ஒரு மூலை உள்ளே செருகியிருந்தது.

பையை லிஃப்டில்தான் கீழே கொண்டுபோனார்கள். போன வருஷம் அவன் பழுது பார்த்த அதே லிஃப்ட். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

நாலரை மணிக்கு அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். உடை மாற்றும் அறை வரை புதுப்பொண்ணு கூடவே வந்தாள். கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போடவே சின்னக்காவுக்கு வெகுநேரம் ஆனது.

“அக்கா, சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன். மனசு கேக்கல. நேத்து அந்த பஸ் டிரைவரைப் பாக்கக் கீழ போயிருந்தேன்.”

“ம்.”

“அவருக்கு எல்லாம் அரைகுறையா ஞாபகம் இருக்காம். தலையைப் பிடிச்ச அந்தம்மா யாரும்மா, நான் கும்பிடணும்ன்னார். கை சில்லுன்னு இருந்துச்சாம். திருப்புன அப்புறமும் போகலையாம்க்கா. காலைல மல்லாக்கப் போடற வரைக்கும், பதினாறு மணி நேரமும் அந்தக் கை அப்படியே இருந்துச்சாம்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “விடவே இல்லம்மான்னு சொல்லிச் சொல்லி அழுதார்.”

சின்னக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். புதுப்பொண்ணு ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை. மூன்று மாடி இறங்கி வெளியே வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. பைக்கை நிறுத்திவிட்டு அவன் காத்திருக்கும் வேப்பமரத்தடியில் ஆட்டோ ஒன்று நின்றிருந்தது. அதில் ஏறி, வழியெல்லாம் அவள் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. தொண்டை மட்டும் காய்ந்து காய்ந்து இருமல் வந்தது. டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டுத் தன் முகமூடியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

வீட்டில் அம்மா அறைக்கதவு மூடியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“வந்துட்டியா? இன்னிக்குச் சீக்கிரமா விட்டுட்டாங்களா? அவன் எப்படி இருக்கான்?”

சின்னக்கா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு வாக்கியம். பதினோரு வருஷத்தில் எத்தனையோ அம்மாக்களிடம் சொன்ன வாக்கியம்.

“தூங்கறான்மா,” என்றாள்.

“குப்புறப் போட்டீங்களா? நீதான தலைமாட்ல நின்ன?”

“ஆமாம்மா. நான்தான்.”

“அது போதும் எனக்கு,” என்றாள் அம்மா.

நோய் பரவக் கூடாதென்று சின்னக்கா தன் அறையைத் தினமும் பூட்டி, சாவியைக் கையோடு கொண்டுபோவாள். பூட்டைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மறுபடி இருமல் வந்தது. இந்தத் தடவை நிற்க நேரமானது. அலமாரியில் விரல்நுனியில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டாள். தொண்ணூற்றொன்று. நம்பாமல் விரலை மாற்றி மாட்டினாள். தொண்ணூறு.

அப்போதுதான் கட்டிலைக் கவனித்தாள்.

சுவரை ஒட்டிக் கிடக்கும் கட்டில். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கிடக்கும். இப்போது சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. தூசிக்கோடுகூடத் தரையில் தெரிந்தது.

“அம்மா,” என்று கூப்பிட்டாள். “என் ரூமைப் பெருக்கினியா?”

“நான் எங்கடி வந்தேன்? எழுந்து நிக்கவே முடியல. நீதான பூட்டிட்டுப் போற?”

அறையில் மழை நின்ற சிமென்ட் வாடை மெல்ல எழுந்தது. வெளியே வெயில்.

கட்டிலைத் தள்ளிச் சுவரோடு ஒட்டிவிடலாம் என்று நினைத்தாள். கையை வைத்தாள். தள்ளவில்லை. தலையணையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், மெதுவாகக் குப்புறப் படுத்தாள். கன்னத்தை வலது பக்கமாக வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தாள்.

சுவரிலிருந்து சரியாக ஒன்றரை அடி. ஒரு ஆள் நிற்க அது போதும்.